கொப்பரைக்குள் ஒரு கோலிக்குண்டு

சாரல் காலத்தில் அந்த மலையடிவாரத்தில் எது மேகம், எது அடுப்புப் புகை என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் வெள்ளையாக, மெதுவாக, ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். வாழைத்தோப்புக்குள் இருந்த ஓட்டு வீடு அன்று பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதியும் இருக்கும் என்று நம்பித்தான் பால்வண்ணம் வரப்பில் நடந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. சைக்கிள் கடையை மருமகனிடம் விட்டு ஒரு வருடம் ஆகிறது. கையில் ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே நான்கு முழம் வெள்ளைத் துணி. அதைச் சாமி காவியில் முக்கித் தருவார். வாங்கி உடுத்திக்கொண்டால் பிறகு வீடு இல்லை, பெயர் இல்லை, எவரும் இல்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வாழைத்தோப்புச் சாமிக்கு நாற்பது வயதுதான். விழுந்து கும்பிடுகிறவர்கள் தன்னைவிட மூத்தவர்களாக இருந்தால் அண்ணாச்சி, அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்று வாசலில் அரிவாள்மணை போட்டு மஞ்சள் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. நனைஞ்சிட்டீங்களே."

"நனைஞ்சா என்ன சாமி. உடம்புதானே."

"உடம்புதான். தும்மல் அதுக்குத்தானே வரும்."

பால்வண்ணம் பொட்டலத்தை ஓரமாக வைத்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"புலனை அவிக்கணும்னு பெரியவங்க சொல்லுதாங்க. விளக்கை அவிக்கிற மாதிரி. நானும் ஒரு வருஷமாப் பாடுபடுதேன், முடியல. எப்படி அவிக்கிறது சாமி?"

சாமி பூசணித் துண்டிலிருந்து விதையை வழித்துப் போட்டார்.

"வீட்ல இட்லிக் கொப்பரை இருக்கா?"

"இருக்கு."

"அதுல அவிங்க."

பால்வண்ணம் சிரிக்கவில்லை. சாமியும் சிரிக்கவில்லை.

"ஒரு வருஷமா என்ன பாடுபட்டீங்க?"

"முதல்ல நாக்கை எடுத்துக்கிட்டேன். தட்டுல எது விழுந்தாலும் ருசி பாக்காம முழுங்கிருதேன். உப்பு இருக்கா, காரம் இருக்கா, எனக்குத் தெரியாது. எப்படி இருக்குன்னு மொழி கேப்பா. சாப்பாடுதானேன்னு சொல்லிருவேன்."

"மொழி யாரு?"

"சம்சாரம். குழல்வாய்மொழி."

"அக்கா சௌக்கியமா?"

வாழை இலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சா. அதுல இருந்து வாசனை தெரியல, ருசியும் தெரியல. எதை வாயில வச்சாலும் காகிதம் மெல்லுத மாதிரி இருக்குங்கா. காரம் பட்டா மட்டும் எரியுதாம். எண்ணெய், காரம் இல்லாம காய்கறியை ஆவியில வேகவச்சுக் குடுங்கன்னு டாக்டர் சொன்னாரு. மகள் செஞ்சு அனுப்புதா. ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. இப்படியே போனா ஆஸ்பத்திரியில போட்டு ஊசி வழியாத்தான் ஏத்தணும்ங்காரு. கையில வளையல் நிக்கல, சாமி."

"அப்போ அந்த வீட்ல ரெண்டு புலன் அவிஞ்சாச்சு."

பால்வண்ணம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வருஷம் பாடுபட்டும் உங்களுக்கு ஒண்ணு கூட நடக்கல. அக்கா ஒரே காய்ச்சல்ல ரெண்டை முடிச்சிட்டாங்க."

"கேலி பண்ணாதீங்க சாமி."

"கேலி இல்ல. முன்னாடி போனவங்க பக்கத்துல உட்கார்ந்து பாக்கணும்ல, அங்க என்ன இருக்குன்னு? டாக்டர் சொன்னதை நீங்களே அவிச்சுக் குடுங்க. எனக்கும் ஒரு வாய் கொண்டாங்க. அவிஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லுதேன்."

"தீட்சை?"

"ஆடி அமாவாசை வருதுல்ல, பாப்போம்."

"துணி?"

"கொண்டு போங்க. துணிக்கு வேலை இருக்கும்."

யாரோ காணிக்கையாக வைத்துவிட்டுப் போயிருந்த கூடையிலிருந்து சாமி கைக்கு வந்ததை எடுத்து ஒரு பையில் போட்டார். கேரட், பீன்ஸ், பீட்ரூட், சௌசௌ. நறுக்கியதுபோக மீதி இருந்த பூசணியையும் வைத்தார். ஐம்புலனுக்கு ஐந்து காய் என்று பால்வண்ணம் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார். சாமி எண்ணிப் போட்டதாகத் தெரியவில்லை.

*

வீட்டில் மொழி அடுக்களை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய இடம் அதுதான்.

"பையில என்ன?"

"காய். இன்னைக்கு நான் சமைக்கேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "சாமி அடிச்சு விரட்டிட்டாரா?"

கொப்பரை இருந்தது. தட்டில் விரிக்கிற துணியைக் காணவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டால் எழுந்து வந்துவிடுவாள். பால்வண்ணம் பொட்டலத்தைப் பிரித்து, புதுத் துணியிலிருந்து ஒரு முழம் கிழித்தார். கிழிக்கும்போது மனசு ஒரு மாதிரி இருந்தது. நனைத்துப் பிழிந்து விரித்தார். ஐந்து காயையும் நறுக்கி ஒன்றாகக் கொட்டினார். கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, தட்டை வைத்து, மூடி, அடுப்பைப் பற்றவைத்தார்.

கொஞ்ச நேரம் நின்றார். மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். திரும்பவும் திறந்தார். ஒவ்வொரு தடவையும் வெள்ளையாக ஒன்று எழுந்து அவர் முகத்தைத் தடவிவிட்டு ஜன்னல் வழியாகச் சாரலோடு போய்ச் சேர்ந்தது. பீன்ஸ் விறைப்பாகவே இருந்தது.

இதற்கு நேரமாகும் என்று முன்னறைக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

அன்று தியானம் அருமையாகக் கூடி வந்தது. முதலில் சாரலின் சத்தம் போயிற்று. பிறகு தெருவின் சத்தம் போயிற்று. வெள்ளையான ஏதோ ஒன்றுக்குள் அவர் இறங்கிக்கொண்டே இருந்தார். அங்கே சைக்கிள் கடை இல்லை. டாக்டர் இல்லை. வளையல் நிற்காத கை இல்லை. இதுதான், இதுதான் என்று நினைத்தபோது மூக்கில் கருகல் வாடை ஏறியது.

ஓடினார். கொப்பரையின் செம்பு அடி சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. மூடியைச் சுற்றி மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. இரண்டு எட்டு தள்ளி மொழி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவர் அடுப்பை அணைத்தார்.

"என்னங்க, இப்படி ஓடி வாறீங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல."

"ஏன் மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல மொழி."

தட்டில் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டிருந்தது. பீட்ரூட்டின் சாயம் மற்ற நான்கையும் பிடித்துக்கொண்டது. பூசணி கரைந்துவிட்டது. சௌசௌ வேகவில்லை. பீன்ஸ் குழைந்து கிடந்தது. அவள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"இது என்ன காய்?"

அவருக்கும் தெரியவில்லை.

அவள் அதை வாயில் வைத்தாள். பழக்கம் விடவில்லை. "எப்படி இருக்கு? நீங்க சொல்லுங்க," என்றாள்.

அவருடைய நாக்கும் பழக்கத்தில்தான் பேசியது. "காய்தானே."

மொழி தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

மறுநாள் சாமி தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு பீன்ஸ் துண்டை எடுத்தார். விரலிலேயே அது மசிந்தது.

"இது அவிச்சது இல்ல, அண்ணாச்சி. அணைச்சிருக்கீங்க."

பால்வண்ணம் தலை குனிந்து நின்றார்.

"மூடியைத் திறந்து திறந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஆவி போயிருக்குமே."

"போயிருச்சு. அப்புறம் தியானத்துல உட்கார்ந்துட்டேன். தண்ணி வத்திருச்சு."

"தியானம் நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சாமி. கருகல் வாடை வந்து கலைச்சிருச்சு."

"அக்கா எங்க இருந்தாங்க?"

"அடுப்புக்குப் பக்கத்துல."

சாமி சட்டியை மூடினார். தோப்புக்குள் ஒரு பறவை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது.

பால்வண்ணம்தான் பேசினார். "துறவு வேணும்னு நான் நினைச்சது காய்ச்சலுக்கு முன்னாடியே. ஆனா துணி வாங்கினது அவ படுத்ததுக்குப் பிறகு. ராத்திரியெல்லாம் இதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

சாமி எழுந்து உள்ளே போனார். பால்வண்ணம் காத்திருந்தார். ஜெபமாலை கேட்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. கேட்காமலே கொண்டுவரப் போகிறார் என்று தோன்றியது. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.

சாமி அதில் ஒரு கோலிக்குண்டைப் போட்டார். பச்சைக் கண்ணாடி, உள்ளே ஒரு வெள்ளைச் சுழி.

"தோப்புல விளையாடுத பயலுக விட்டுட்டுப் போனது. கொப்பரைத் தண்ணிக்குள்ள போடுங்க. தண்ணி இருக்கிற வரைக்கும் கடகடன்னு பேசிக்கிட்டே இருக்கும். சத்தம் மாறுச்சுன்னா தண்ணி ஊத்தணும். மூடியைத் திறக்க வேண்டாம். கண்ணை மூடவும் வேண்டாம்."

"வேற என்ன செய்யணும்?"

"கேளுங்க. வேற என்ன?"

வரப்பு வரைக்கும் போனவரைச் சாமி திரும்பக் கூப்பிட்டார்.

"பீட்ரூட்டைத் தனியா வைங்க. அது யார் கூட இருந்தாலும் அவங்களையும் பீட்ரூட் ஆக்கிரும். சில பேர் அப்படித்தான்."

*

கோலிக்குண்டு பேசியது. தண்ணீர் நிறைய இருந்தால் கிழவர்கள் மாதிரி நிதானமாகப் பேசியது. குறைந்தால் படபடத்தது. பால்வண்ணம் மணைப்பலகையில் உட்கார்ந்து கேட்டார். பெடல் சுற்றும் சத்தத்தை வைத்தே உள்ளே எந்த இரும்புக் குண்டு தேய்ந்திருக்கிறது என்று கடையில் சொல்லுவார். அந்தக் காது அவரிடம் இன்னும் இருந்தது.

சௌசௌவையும் கேரட்டையும் முதலில் போட வேண்டும். பூசணி பிறகு. பீன்ஸ் கடைசியில் போனால் போதும். அது வேகக் கொஞ்ச நேரம்தான் வேண்டும். அதற்குள் பச்சை இன்னும் பச்சையாகிவிடும். நெருப்புக்குப் போய்விட்டு வந்தது வெளிறிப் போகாமல் எப்படிக் கூடுதலாக நிறம் பிடிக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் ஆச்சரியப்பட்டார்.

மொழி மூன்று வாய் சாப்பிட்டாள். ஒரு நாள் நான்கு. மறுநாள் திரும்பவும் இரண்டு.

ஒரு மதியம் சாரல் அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டதுபோல் இருந்தது. ஜன்னல் கம்பி, அலமாரி, மொழியின் நரைத்த முன்முடி எல்லாம் ஓரம் கரைந்து தெரிந்தன. பால்வண்ணம் கொப்பரையை அப்படியே தூக்கி அவள் முன்னால் முக்காலியில் வைத்தார்.

"நீ திற," என்றார்.

அவள் திறந்தாள். ஆவி எழுந்து அவள் முகத்தை மூடியது. அதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். கன்னத்தில் நீர் கோத்து இறங்கியது. ஆவிதானா என்று அவர் கேட்கவில்லை.

"இது தெரியுது," என்றாள். "சூடு தெரியுது."

பீன்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அவள் புருவம் ஏறியது. இன்னொன்றை எடுத்துக் கடித்தாள்.

"என்னங்க, சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"தலைக்குள்ள. நறுக்குன்னு. பச்சைப் புல்லுல யாரோ நடக்கிற மாதிரி." அவள் மென்றுகொண்டே இருந்தாள். பிறகு கேரட் ஒன்றை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "இதுல சத்தம் இல்ல. எப்படி இருக்கு, சொல்லுங்க."

பால்வண்ணம் அதை வாங்கினார். சாப்பாடுதானே என்கிற சொல் வாய் வரைக்கும் வந்தது. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயடியில் குடத்தோடு தண்ணீருக்குக் காத்து நிற்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவர் கேரட்டை வாயில் போட்டார். ஒரு வருடமாகச் சாத்தி வைத்த அறை. உடனே திறக்கவில்லை. கண்ணை மூடினார். நாக்கில் வைத்துக் காத்திருந்தார்.

"முதல்ல ஒண்ணுமில்ல," என்றார்.

"ம்."

"இரு. இப்ப வருது. இனிப்புதான். ஆனா சீனி இனிப்பு இல்ல. திருவிழாக் கூட்டத்துல முழிச்சுக்கிட்டு நிக்கும்போது நம்ம தெருக்காரன் முகம் தெரியும் பாரு, அப்படி இருக்கு."

மொழி கேரட்டை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள்.

"பூசணி?"

"செயினுக்கு எண்ணெய் விட்டா ஓடுமே, அந்த மாதிரி. சத்தமில்லாம இறங்குது."

"சைக்கிள் கடைக்காரருக்கு வேற என்ன தெரியும்," என்றாள். ஆனால் சாப்பிட்டாள். "சௌசௌ?"

அவர் யோசித்தார். "உன் தம்பி மாதிரி."

"அவனுக்கு என்ன?"

"கெட்டவனும் இல்ல. நல்லவனும் இல்ல. தண்ணியா இருக்கு."

அவள் சிரித்தாள். சிரித்ததில் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் காய்ச்சலுக்கு முன்பும் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று யோசித்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

"பீட்ரூட்?"

"மண்ணு. நல்ல மண்ணு. மழை விழுந்த மண்ணு."

தட்டு காலியாகியிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

அதிலிருந்து அவருக்கு அதுவே வேலையாகிவிட்டது. அவள் சாப்பிடுகிற ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் அவர் ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். "இது பழசு," என்று தட்டைத் தள்ளுவாள். அவர் திரும்பவும் நாக்கில் வைத்துக் காத்திருப்பார். காலைக் கேரட் ஒரு மாதிரியும், சாயங்காலம் வாங்கியது வேறு மாதிரியும் இருந்தன. நுனி ஒரு மாதிரி, காம்புப் பக்கம் வேறு. இத்தனையும் உப்புக்கூடப் போடாத ஒரு காயில் இருந்ததா? ஐம்பத்து நான்கு வருடமாக இந்த நாக்கு எங்கே போயிருந்தது? கொப்பரை முன்னால் உட்கார்ந்து அவர் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். கோலிக்குண்டு தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

*

ஆடி அமாவாசை அன்று மொழியின் கையில் ஒரு வளையல் ஏறி, முழங்கைப் பக்கம் நழுவாமல் நின்றது. அதை அவள் ஆட்டிக் காட்டினாள். பிறகு கேட்டாள்.

"இன்னைக்குத்தானே துணி வாங்குத நாளு?"

"ஆமா."

"போங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்." வாங்கிக்கொண்டு வருவதையா, வராமல் போவதையா, எதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள் என்று சொல்லவில்லை.

வாழைத்தோப்பு அன்றும் பாதிதான் தெரிந்தது. பால்வண்ணம் சாமியின் முன்னால் ஒரு மூட்டையை வைத்தார். உள்ளே தூக்குச்சட்டி. சூடு போகாமல் இருக்கத் துணியால் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி. துணி கொண்டாந்தீங்களா?"

"இதுதான் அது."

சாமி துணியைப் பார்த்தார். அது வெள்ளையாக இல்லை. கொப்பரைத் தட்டில் கிடந்து கிடந்து பூசணி, கேரட், பீட்ரூட் எல்லாம் அதில் ஊறியிருந்தன. துவைத்துத் துவைத்தும் போகாமல், இன்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது.

"நாலு முழமும் கிழிஞ்சு இட்லித் துணியாப் போச்சு சாமி. புதுசு ஒண்ணு வாங்கியிருக்கலாம். வாங்கல."

"ஏன்?"

பால்வண்ணம் கைகளைக் கட்டிக்கொண்டார். தோற்றுப் போனவர் மாதிரி நின்றார்.

"நான் இதுக்குத் தகுதி இல்ல. அவிக்கணும்னு வந்தேன். நாக்கு முன்னைவிட இப்பத்தான் முழிச்சிருக்கு. ஒரு கேரட்டை வாயில போட்டா நுனிக்கும் காம்புக்கும் வித்தியாசம் சொல்லுதேன். காது, கொப்பரைச் சத்தத்துல என்ன ஏதுன்னு கேக்குது. கண்ணு பீன்ஸோட பச்சையிலயே நிக்குது. ஆவி பட்டா மேலெல்லாம் சூடு தெரியுது. வரப்புல வரும்போது மண்வாடை வந்துச்சு. நின்னுட்டேன், சாமி. போய் அவகிட்ட எப்படிச் சொல்லலாம்னு வார்த்தை தேடிக்கிட்டு நின்னுட்டேன். ஒண்ணு கூட அவியல. அஞ்சும் எரியுது."

சாமி முடிச்சை அவிழ்த்தார். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தார். ஆவி எழுந்து இருவருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. அந்தப் பக்கம் சாமி இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு அது மெதுவாக விலகிச் சாரலோடு போனது.

சாமி ஒரு பீன்ஸை எடுத்தார். தோப்பு முழுக்க வெள்ளையாக இருந்ததில் அது ஒன்றுதான் பச்சையாகத் தெரிந்தது. கடித்தார். நறுக்கென்ற சத்தம் மழைக்குள் தனியாகக் கேட்டது.

நிதானமாக மென்று முடித்தார்.

பிறகு மூடியைச் சரியாக அழுத்தி மூடினார். துணியால் திரும்பவும் சுற்றினார். முடிச்சுப் போட்டுப் பால்வண்ணத்தின் கையில் கொடுத்தார்.

"நல்லா அவிஞ்சிருக்கு, அண்ணாச்சி. ஆறுறதுக்குள்ள கொண்டு போங்க."